ஓமோன் நானாவின் முதல் கேள்வி

அன்றைக்கு வெங்காயக் கொட்டிலில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

நான். என் ராத்தா, உடன்பிறந்த மூத்தவள். பரீதா, எங்களோடு மன்னாரில் இருந்து வந்தவள், வாய் நீளம், வெங்காயம் வெட்டுகிற கை அதைவிட வேகம். ராத்தாவின் மாப்பிள்ளையின் தங்கச்சி. அவரை நாங்கள் மச்சி என்போம், அவரும் ராத்தாவை மச்சி என்பார், எத்தாளையில் இருந்து கூலிக்கு வருவார். தோட்டத்து முதலாளி. முதலாளியின் நாய். ஒரு பிளாஸ்டிக் மேசை. மேசையில் பிறஷர் பார்க்கிற மெஷின். மெஷினுக்குப் பின்னால் ஓமோன் நானா.

மச்சி அங்கே இருந்ததுதான் சங்கடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நானா. மூத்த ஆம்பிளையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவருக்கு வாப்பா உம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். புத்தளம் டவுனில் ஒரு பாமசியில் இருபத்தைந்து வருசம் குளிசை எண்ணிக் கொடுத்தவர். வயதாகி இந்த ஊருக்கு, குறிஞ்சிப்பிட்டிக்கு, திரும்பி வந்தார். வரும்போது இரண்டு சாமான் கொண்டு வந்தார். ஒன்று அந்த மெஷின். மற்றது ஒரு பேச்சு.

மருந்துக் கம்பனி ஒன்று பாமசிக்காரர்களுக்குப் பகல் சாப்பாட்டோடு ஒரு கூட்டம் வைத்ததாம். பெரிய டொக்டர் ஒருவர் ஒரு மணித்தியாலம் பேசினாராம். நானா முன் கதிரையில் இருந்து கேட்டிருக்கிறார். அந்தச் சாப்பாட்டை அவர் ஒரு நேரம் தின்றார். அந்தப் பேச்சை நாங்கள் ஒன்பது வருசம் தின்றோம்.

ஒவ்வொரு வியாழனும் காலையில் கொட்டிலுக்கு வருவார். வெள்ளைச் சட்டை. பையில் இரண்டு பேனை. இனாமாகத்தான் பிறஷர் பார்ப்பார், காசு தொடமாட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் கையில் அந்தத் துணியைச் சுற்றிக் காற்றடித்துவிட்டால் நாங்கள் எழும்ப முடியாது. அப்போது பேச்சைத் தொடங்குவார்.

"குருதிக்கலன் எண்டா என்ன? குழாய். குழாய்க்கு உள்ள என்ன? ஒரு தோல். எவ்வளவு தடிப்பு? நீங்க வெட்டுற வெங்காயத்தில உள்ள இரிக்கிற சவ்வவிட மெல்லிசு."

கேள்வி மாதிரி இருக்கும். கேள்வி இல்லை. அவர் கேட்டு அவரே சொல்வார். நாங்கள் வாயைத் திறக்க இடம் இராது.

"அந்தத் தோல் சும்மா இரிக்கிதா? இல்ல. ஒரு வாயுவ உண்டாக்குது. நைத்திரிக் ஒட்சைட்டு. வாயு போய்க் குழாய்ட சுவருக்குச் சொல்லுது, இளகு எண்டு. சுவர் இளகுது. குழாய் விரியுது. பிறஷர் இறங்குது. சில விநாடிதான். பிறகு வாயு இல்லாமப் போகும். திரும்ப உண்டாக்கணும். ஆரு உத்தரவு குடுக்கிற?"

இந்த இடத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வோம்.

"ஓமோன்."

உடம்பில் ஊறுகிற ஹார்மோன்தான் அந்த ஓமோன். அதனால் வந்த பெயர்தான் அது. அவருக்கு அந்தப் பெயரில் கோபம் இல்லை. டொக்டர் பட்டம் கிடைத்த மாதிரி நடப்பார்.

முதலாளிக்குச் சீனி வருத்தம். அவருக்கு வேறு பாடம். "இன்சுலினும் ஓமோன்தான் முதலாளி. அதுவும் உள்தோலுக்கு வாயு செய்யச் சொல்லி உத்தரவு குடுக்கும். உங்கட தோலுக்குக் காது அடைச்சுப் போச்சு. உத்தரவு கேட்காது." முதலாளி தலையாட்டிவிட்டு இனிப்புப் பிளேன்ரீ குடிப்பார். கவலைப்படுகிறவர்களுக்கு இன்னொரு பாடம். கவலையில் ஊறுகிற ஓமோன் வாயுவைக் குறைத்துவிடுமாம். கவலைப்படாதே என்று சொல்ல அவருக்கு அரை மணித்தியாலம் தேவைப்பட்டது. அந்த அரை மணித்தியாலத்தில் நாலு கட்டு வெங்காயம் பிந்தும். எங்களுக்கு அது கவலை.

பெண்களுக்கென்று வைத்திருந்த பாடம்தான் பெரியது. "பொம்புளைக்கு ஊறுற ஓமோன் இரிக்கே, அது காவல்காரன். அது ஊறுற மட்டும் உள்தோல் வாயு செஞ்சுகொண்டே இரிக்கும். ஆம்புளைக்கு நாப்பதில அடைக்கிற குழாய் பொம்புளைக்கு அடைக்காது. அந்த வயசு வந்து ஓமோன் குறைஞ்சா உத்தரவு குறையும். அப்பதான் பயம். அம்பதுக்குப் பிறகு என்னட்ட கெதியா வாங்க. அதுக்கு முன்னுக்கு வந்தா அது பிறஷர் இல்ல, மனசு."

'அந்த வயசு' என்று மட்டும்தான் சொல்வார். எது நிற்கிற வயசு என்று சொல்லமாட்டார். சொல்லும்போது மெஷினைப் பார்ப்பார்.

நாட்டில் கேஸ் இல்லாமல் சனம் சிலிண்டரோடு வரிசையில் நின்ற வருசம் பரீதா அவரைப் பிடித்தாள்.

"நானா, நாங்க மூணு நாளா வரிசையில நிக்கிறம். நீங்க எங்கட உடம்புக்குள்ள கேஸ் இரிக்கு எண்டுறீங்க. ஒரு குழாயப் போட்டு அடுப்புக்கு எடுத்துத் தாங்களன்."

எல்லாரும் சிரித்தோம். நானா சிரிக்கவில்லை. "அது வேற வாயு தங்கச்சி" என்று தொடங்கினார். இரண்டு வாயுவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி முடிக்க நண்பகல் லுஹர் பாங்கு கேட்டது.

இன்னொரு நாள் குழாயை வெட்டினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற கறுப்புக் குழாய், முதலாளி புதிதாக வாங்கியது, சுருள் பிரிக்கவில்லை. உள்தோல் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம். வெங்காயக் கத்தியை எடுத்து ஒரு முழ நீளத்துக்கு வெட்டிப் பிளந்தார். பிளந்து உட்பக்கத்தைத் தடவிக் காட்டினார்.

முதலாளி வந்து பார்த்தார்.

"நானா," என்றார். "இதுக்குள்ள ஓமோன் ஓடல்ல. என்ட தண்ணிதான் ஓடுது."

"விளங்கப்படுத்த வேணாமா?"

"எனக்கு விளங்கிச்சு. கத்திய வைங்க."

பிளந்த துண்டை நானா வீட்டுக்குக் கொண்டு போனார். அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் மெஷினோடு அந்தக் குழாய்த் துண்டும் வரும்.

உச்சமுனைத் தீவில் ஒருவர் வள்ளம் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தானார். நாங்கள் சிலர் களப்புத் தண்ணீரைத் தாண்டி ஜனாஸா வீட்டுக்குப் போனோம். நானாவும் அதே வள்ளத்தில் வந்தார். அவர் மடியில் ஒரு பை. பையில் என்ன என்று பரீதா என் காதில் சொன்னாள். நான் நம்பவில்லை. அங்கே போய் மௌத்தானவரின் மகனுக்குப் பக்கத்தில் இருந்து, ஸலாம் சொல்லி, பையைத் திறந்து குழாயை எடுத்தார். வாப்பாவுக்கு எந்த இடத்தில் அடைத்தது என்று காட்டினார். மகன் குழாயைப் பார்த்தான். அழுகிறதா அடிக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு பெரியவர் நானாவைப் பிளேன்ரீ குடிக்க வெளியில் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த மனிதனுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒன்பது வருசத்தில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. எங்கே நோகுது, எத்தனை நாளாக, சாப்பிட்டீங்களா, நித்திரை வருதா, ஒன்றும் இல்லை. வயதைக்கூடக் கேட்கமாட்டார். பெண்களிடம் வயது கேட்பது மரியாதை இல்லையாம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அடையாள அட்டையைத் தரச் சொல்வார். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்தான் பிறந்த வருசம். அதைப் பார்த்துக் கழித்துக் கொப்பியில் எழுதுவார்.

"கேட்டா பொய் வரும்," என்பார். "அட்டை பொய் சொல்லாது."

அட்டையைக் கொடுப்போம். கொடுத்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்ப்போம். பிறகு வெங்காயத்தைப் பார்ப்போம்.

நானா இந்த ஊர்க்காரர். அவர் பாட்டன் காலத்துத் தென்னை இன்னும் காய்க்கிறது. நாங்கள் தொண்ணூறில், ஆயுதத்தோடு வந்தவர்கள் முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது, வள்ளத்தில் வந்த ஆக்கள். எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் மன்னாரில் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி வீட்டுக்குள் இருந்தது. வீட்டுக்கு என்ன நடந்தது என்று எங்களைக் கேட்காதீர்கள். போகச் சொன்னவர்கள் நகையையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம். உம்மாவின் காது அறுந்தது.

கற்பிட்டியில் வந்து இறங்கி, ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, பெயர் பதிய ஒரு ஐயா மேசை போட்டார். பெயர் என்ன, வயது என்ன. சின்னப் பிள்ளைகளின் வயதை எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். கலியாணம் கட்டாத குமர்களின் வயது வந்தபோது வாப்பாமார் கொஞ்சம் யோசித்தார்கள். நகை இல்லை. வீடு இல்லை. காணி இல்லை. மகளுக்கு இருபது என்று எழுதினால் இரண்டு வருசத்தில் யார் வருவான்? என் வாப்பா ராத்தாவைக் காட்டிப் பதினான்கு என்றார். அவளுக்கு இருபது. என்னைக் காட்டிப் பதினொன்று என்றார். எனக்குப் பதினாறு. நான் தலையைக் குனிந்து சின்னவள் மாதிரி நின்றேன். ஐயா எழுதினார். பின்னால் நின்ற பரீதாவின் வாப்பாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அந்தப் பதிவிலிருந்து நிவாரணச் சாமான் எடுக்கிற கூப்பன். கூப்பனிலிருந்து காலம் கடந்த பிறப்புப் பதிவு. அதிலிருந்து அடையாள அட்டை. பொய் ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை வாங்கியது.

ராத்தாவை எத்தாளையில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஊர்க்காரர்கள். சீதனம் இல்லை என்று முகம் சுளித்தார்கள். "பொண்ணுக்கு வயசு சின்னன்தானே" என்று மாமியார் சொல்லித்தான் காரியம் நடந்தது. அட்டைப்படி மச்சானைவிட ராத்தா நாலு வயது இளையவள். உண்மைப்படி இரண்டு வயது மூத்தவள். இருபத்தெட்டு வருசம் ஒரே பாயில் படுத்த மனிதனுக்கு அவள் அதைச் சொல்லவில்லை. மூன்று பிள்ளை பெற்றாள். ஒவ்வொரு பேற்றிலும் மிட்வைஃபிடம் அட்டை வயதையே சொன்னாள்.

ஐம்பது வயதில் ராத்தாவுக்கு நின்றது. அட்டையில் நாற்பத்துநான்கு. அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் அவள் பிறஷர் ஏறிக்கொண்டே போனது. நூற்றுநாற்பது. நூற்றைம்பது. நூற்றுஅறுபத்தைந்து. நானா அட்டையைப் பார்ப்பார். "ஓமோன் ஊறுற வயசு. காவல்காரன் இரிக்கான். இது மனசுதான். வீட்டில சண்டையா?" என்பார். பதிலுக்கு நிற்கமாட்டார். "சண்டையக் குறைங்க."

வீட்டுக்குப் போகிற வழியில் ராத்தா கேட்டாள்.

"புள்ள, சொல்லட்டா?"

"சொல்லு."

"மச்சியும் கொட்டிலுக்கு வாறா. மச்சானுக்குப் போயிடும்."

"அப்ப கிளினிக்குக்குப் போ."

"அங்கயும் அட்டைதான்."

நானும் விட்டுவிட்டேன். சிறிய பொய் என்று நினைத்தேன். ஆறு வயதுதானே.

முதலில் சொன்ன அந்த வியாழன்தான் ராத்தாவின் கையிலிருந்து கத்தி விழுந்தது.

வெயில் ஏறவில்லை, எட்டரை மணி இருக்கும். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. தாடையைப் பிடித்துக்கொண்டு "பல்லு நோகுது" என்றாள். பிறகு இடது தோளைத் தடவினாள். முகம் வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்தது. நானா அப்போதுதான் மெஷினை விரித்து வைத்திருந்தார். வந்து கையில் சுற்றினார். காற்றடித்தார். நூற்றெண்பது, கீழே நூற்றுப்பத்து. ராத்தாவின் மணிபேர்ஸில் இருந்து அட்டையை எடுத்தார்.

"எழுபத்தாறு. நாப்பத்தாறு வயசு. ஓமோன் இரிக்கு. உள்தோல் வேலை செய்யுது. நெஞ்சில ஒண்டுமில்ல. இது பல்லு. பல்லு நோவுக்கும் பிறஷர் ஏறும். பல்லு டொக்டரக் காட்டுங்க."

"ஓம், மச்சிக்கு எப்பவும் பல்லு நோவுதான்," என்றார் மச்சி.

நானா பையைத் திறந்து குழாய்த் துண்டை எடுத்தார்.

ராத்தா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது.

நான் சொன்னேன்.

"அம்பத்திரண்டு."

"என்ன அம்பத்திரண்டு?" என்றார் மச்சி.

"ராத்தாட வயசு."

மச்சி வெட்டிய வெங்காயத்தை வைத்துவிட்டார். "அட்டையில..."

"அட்டை பொய்."

நானா கையில் குழாயோடு நின்றார். அவரை அதற்கு முதல் நான் பேசாமல் பார்த்ததில்லை. பரீதா கத்தியை நிலத்தில் குத்தி வைத்து, என்னையும் காட்டிச் சொன்னாள்.

"எனக்கு நாப்பத்தொம்பது நானா. அட்டையில நாப்பத்தஞ்சு. இவளுக்கு நாப்பத்தெட்டு. அட்டையில நாப்பத்துமூணு. வள்ளத்தில வந்த குமருகள் எல்லாம் இப்பிடித்தான். ஒன்பது வருசமா உங்களுக்கு நாங்க பொய்தான் தந்தம். நீங்க எழுதினீங்க."

நானா குழாயை மேசையில் வைத்தார். பிறகு ஒன்பது வருசத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். ராத்தாவைப் பார்க்க வெட்கப்பட்டு, காலடியில் படுத்திருந்த முதலாளியின் நாயைப் பார்த்துக் கேட்டார்.

"நின்டுட்டா?"

"ஆருட்ட கேக்கிறீங்க, நாயிட்டயா?" என்றாள் பரீதா.

ராத்தா பதில் சொன்னாள். "ரெண்டு வருசம், நானா."

அவர் சட்டைப் பையில் கைவிட்டார். இரண்டு பேனைக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் போத்தல் இருந்தது. அதிலிருந்து சின்னஞ்சிறு குளிசை ஒன்றை எடுத்தார். "விழுங்காதீங்க. நாக்குக்குக் கீழ வைங்க." முதலாளியிடம் திரும்பி, "லொறி" என்றார். ஒரு சொல்தான். அவர் வாயில் ஒரு சொல் அவ்வளவு வேகமாக வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெங்காய லொறியின் பின்னால் மூட்டைகளுக்கு இடையில் ராத்தாவைச் சாய்த்துப் பிடித்தேன். நானாவும் ஏறினார். தோட்டத்து ரோட்டைத் தாண்டவில்லை, தொடங்கிவிட்டார்.

"இந்தக் குளிசையால அதே வாயு உண்டாகும் தங்கச்சி. உள்தோல் செய்யாதத குளிசை செய்யுது. நைத்திரிக்..."

"நானா," என்றாள் ராத்தா. கண் மூடியிருந்தது. "கொஞ்சம் வாயப் பொத்துங்க."

பொத்தினார். ஆஸ்பத்திரி வரை பொத்தியபடியே வந்தார்.

அங்கே ஒரு இளம் பெண் டொக்டர், டொக்டர் நோனா என்பார்கள். சிங்களத்தில் தொடங்கி, எங்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"வயசு?"

"அட்டையில நாப்பத்தாறு. உண்மையா அம்பத்திரண்டு," என்றேன்.

"ரெண்டும் இப்ப வேணாம். நோவு எத்தின மணிக்குத் தொடங்கின?"

"எட்டரை."

"முந்தியும் வந்ததா?"

"மூணு கிழமையா வந்து வந்து போகுது," என்றாள் ராத்தா. எனக்கே அது தெரியாது.

நானா பின்னால் நின்று சொன்னார். "மிஸ், அவங்களுக்கு ஓமோன் நின்டு ரெண்டு வருசம், அதால உள்தோல்ல..."

"ஐயா, வெளியில."

நானா வெளியில் போனார். ராத்தாவின் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். படம் எடுத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஏற்றும்போது டொக்டர் நோனா என்னிடம் சொன்னார். "ஓமோன் நின்டா ஆபத்துக் கூடுறது சரிதான். ஆனா நாப்பத்தாறு எண்டாலும் வந்திருக்கணும். முப்பத்தாறு எண்டாலும் வந்திருக்கணும். நெஞ்சு நோவுக்கு வயசு பாக்கிறல்ல."

வெளியில் வாங்குப் பலகையில் இருந்த நானாவுக்கும் அது கேட்டது. அவர் தன் கொப்பியை மடியில் வைத்திருந்தார். மூடிய கொப்பி.

எங்களிடம் பொய் அட்டை இருந்தது. அவரிடம் மெய்யான பாடம் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒருத்தியின் வருத்தத்தை இரண்டு வருசம் மனசு என்றன, கடைசியில் அவளைப் பல்லு டொக்டரிடம் அனுப்பப் பார்த்தன.

ராத்தா பிழைத்தாள். அடைத்த குழாயைத் திறந்து உள்ளே கம்பிச் சுருள் ஒன்று வைத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மச்சி அதற்குள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டார். மச்சான் வேலிப் படலைக்குப் பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். ராத்தா ஓட்டோவில் இருந்து இறங்கியதும் எழும்பி நின்றார்.

"வாங்க ராத்தா," என்றார்.

ராத்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மூத்தவங்கள அப்பிடித்தானே கூப்பிடணும்," என்றார் மச்சான். பிறகு அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மாதம் அவளை ராத்தா என்றே கூப்பிட்டார். சோறு தாங்க ராத்தா. குளிசை குடிச்சீங்களா ராத்தா. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நாள் ராத்தா அகப்பையை எடுத்தாள். அன்றோடு நின்றது.

இருபத்தெட்டு வருசம் அவள் பயந்த விசயம் ஒரு மாதப் பகிடியாக முடிந்தது. அதற்காக அவள் நெஞ்சு அடைத்துச் சாகப் பார்த்தாள்.

நானா இரண்டு வியாழன் வரவில்லை. வெட்கம் என்றார் முதலாளி. பேச ஆள் இல்லாமல் வீட்டுச் சுவருக்குப் பேசுகிறார் என்றாள் பரீதா. மூன்றாம் வியாழன் வந்தார். அதே சட்டை, அதே மெஷின், அதே குழாய்த் துண்டு. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நாங்களும் நினைக்கவில்லை. கொப்பியைத் திறந்து முதல் பெயரைப் பார்த்து, குழாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வள்ளத்தில வரக்குள்ள பெரியபிள்ளையா, சின்னப்பிள்ளையா?"

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. வயதுக்கு வந்துவிட்டாயா என்று அறுபத்தேழு வயது ஆம்பிளை கேட்கிறார். அதுவும் முப்பது வருசம் பிந்தி, ஒரு குழாயிடம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பிறந்த தேதி மறந்தவள் உண்டு. வள்ளத்தில் வந்தபோது தான் யார் என்று மறந்தவள் இல்லை.

"பெரியபிள்ளைதான் நானா. ஆகி மூணு வருசம்," என்றேன்.

"அட்டைப்படி பதினொரு வயசு."

"எட்டு வயசில பெரியபிள்ளை ஆகிட்டன் போல," என்றேன். முதலாளிகூடச் சிரித்தார்.

நானா சிரிக்கவில்லை. அட்டை வயதை ஒரு கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் புதியதை எழுதினார். பிறகு அடுத்த கேள்வி. நின்டுட்டா, நிக்கல்லயா. எங்க நோகுது. எத்தின நாளா. அவருக்குக் கேட்க வந்துவிட்டது. ஆனால் பதில் சொல்லி முடிந்ததும் பழையபடி குருதிக்கலன் எண்டா என்ன, குழாய் என்று தொடங்கினார். அதை எந்த ஆஸ்பத்திரியும் மாற்ற முடியாது. கேள்வியும் சேர்ந்ததால் இன்னும் நேரம் போனது. முதலாளி வியாழக்கிழமைக் கூலியைக் குறைப்பதாகச் சொன்னார்.

வள்ளத்தில் வந்த ஆக்கள் இருக்கிற முகாம் முகாமாகவும் போனார். ஒரு பழைய சைக்கிளில், மெஷினைப் பின்னால் கட்டிக்கொண்டு. பெண்கள் தூரத்தில் கண்டால் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியில் நின்று கேட்டார். உள்ளே இருந்து பதில் சொன்னார்கள். ஐந்து பேரைக் கிளினிக்குக்கு அனுப்பினார். போக மறுத்த ஒருத்தியின் வீட்டு வாசலில் பாடத்தைத் தொடங்கினார். அவள் அன்றைக்கே கிளினிக்குக்குப் போனாள்.

அடுத்த வருசம் நோன்புக்கு முதல் கிழமை நானா மௌத்தானார். சைக்கிளில் ஏறும்போது விழுந்தார். நெஞ்சு.

அவருடைய ஜனாஸா வீட்டில் யாரும் விளக்கம் சொல்லவில்லை. எங்கே அடைத்தது, எதனால் அடைத்தது என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. அது ஒரு குறையாகத்தான் இருந்தது. பரீதாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தோம்.

அவர் பெண்சாதியிடம் அந்தக் கறுப்புப் போத்தலைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? சாப்பாடு சமிக்கிற குளிசை எண்டு சொன்னார். ஆறு ஏழு வருசமாப் பையில வெச்சிருந்தார். ஏன்?"

"ஒண்டுமில்ல," என்றேன்.

ஒவ்வொரு வியாழனும் எங்கள் கையைப் பிடித்து நெஞ்சடைப்பைப் பற்றிப் பேசிய மனிதனின் பையில் நெஞ்சுக் குளிசை ஏன் இருந்தது என்று நாங்களும் ஒரு நாள் கேட்கவில்லை. லொறியில் வைத்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்தாவுக்கு அவர் கொடுத்தது அவருடைய பங்கு.

பெண்சாதி கொப்பியைக் கொண்டு வந்து தந்தார். "இதில உங்கட ஆக்கள்ட பேருதான் இரிக்கு. எனக்கு என்னத்துக்கு."

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கூட்டல் கழித்தல் வரும். பக்கத்துக்கு ஒரு பெயர். அட்டை வயது, அதன் மேல் கோடு, பக்கத்தில் உண்மை வயது. கீழே பிறஷர். கடைசிப் பக்கத்தில் அவருடைய பெயரும் இருந்தது. வயது சரியாக எழுதியிருந்தார். பிறஷர் எழுதவில்லை.

வயதை வெட்டி எழுதிய பெயர்கள் முப்பத்துநான்கு. ஒவ்வொன்றிலும் பெரியதில் இருந்து சின்னதைக் கழித்தேன். ராத்தா ஆறு. நான் ஐந்து. பரீதா நாலு. ஒருத்திக்கு ஒன்பது. காதில் கழுத்தில் கழற்றி வைத்ததற்குப் பதிலாக வாப்பாமார் எங்களில் இருந்து கழித்த வருசம். கூட்டினேன். பிழையாக இருக்கும் என்று இன்னொரு தரம் கூட்டினேன்.

நூற்று எழுபத்தொன்று.